இருபது வளைவுகளுக்கு மேலே: வட மலாவி நாட்குறிப்பு

முதல் நாள், லிலோங்வே

ஆடிஸ் அபாபாவில் விமானம் மாறி, நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் மலாவியின் தலைநகரான லிலோங்வேயில் இறங்கினேன். முப்பத்தோர் ஆண்டுகள் குமரி மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் இரத்தமும் சளியும் பார்த்தே காலம் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்நாட்டின் வடபகுதியில் மலைமேல் இருக்கும் லிவிங்ஸ்டோனியா மிஷன் மருத்துவமனையைப் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் சபையார் வழிச்செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு ஈடாக நாள்தோறும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

கையோடு இரண்டு பொருள்கள் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, வெளிச்சத்துக்கு விளக்குக்குப் பதில் கண்ணாடி வைத்த பழைய மாதிரி மைக்ராஸ்கோப். மற்றொன்று, இரத்தக் குழாய்களைச் சுழற்றிப் பிரிக்கும் சிறிய சென்ட்ரிஃபியூஜ், சபையார் புதிதாக வாங்கித் தந்தது. சுங்க அதிகாரி இரண்டையும் திறந்து பார்த்து, புதியதைப் பாராட்டினார். இரவு விடுதி அறையில் சோதித்துப் பார்க்கலாம் என்று எடுத்தபோதுதான், சுவரில் இருப்பது பிரிட்டிஷ் மாதிரிச் சதுரத் துளைகள் என்பதும், நம் ஊர்ப் பிளக்கின் உருண்டைக் கால்கள் அதில் நுழையவே நுழையா என்பதும் தெரிந்தது. மூன்று கமிட்டிக் கூட்டங்களில் இந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம்; பிளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட.

இரண்டாம் நாள், ம்சூசு

பகல் முழுவதும் வண்டியில் கழிந்தது. இது மழைக்காலம், சாலையின் இருமருங்கிலும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. பார்ப்பதற்குச் செழிப்பாகத் தோன்றினாலும், போன ஆண்டு விளைச்சல் தீர்ந்து புதுக்கதிர் இன்னும் முற்றாத இந்த மாதங்கள்தான் இங்கே பசிக்காலம் என்று ஓட்டுநர் சொன்னார். மலேரியா உச்சத்தில் இருப்பதும் இதே மாதங்களில்தான். குழந்தையின் வயிறு காய்வதும் காய்ச்சல் அடிப்பதும் ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன.

மலாவி தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய நாடு. அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏரி. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம் என்றாலும், சாலை முடிந்து போகும் இடங்களில் பெரும்பாலும் இருப்பவை திருச்சபை மருத்துவமனைகளே. அவை 1966-இல் தொடங்கிய மலாவி கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தின் கீழ் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அவற்றின் ஊழியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. ஒப்பந்தம் உள்ள இடங்களில் பிரசவத்துக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஆகும் செலவையும் அரசே திருப்பித் தர வேண்டும்; மற்ற நோயாளிகள் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். மிஷன் மருத்துவமனை என்றதும் அயல்நாட்டு நன்கொடையில் ஓடுவது என்று நான் நினைத்திருந்தேன். நன்கொடையும் உண்டு, ஆனால் மாதம் பிறந்தால் அரசின் பணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நம் ஊர் உதவிபெறும் பள்ளிகளை நினைவூட்டியது.

வடபகுதியின் பெரிய நகரான ம்சூசுவில் ஒரு ஹார்டுவேர் கடையில் அடாப்டர் கிடைத்தது. டீசலுக்குத்தான் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம்.

மூன்றாம் நாள், மலை ஏறியது

காலையில் புறப்பட்டு, சிவேட்டா மலைச்சரிவில் இறங்கும்போது மலாவி ஏரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. மறுகரை தெரியாத நீர்ப்பரப்பைக் கடல் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது; உப்புக்காற்று இல்லாதது மட்டுமே குறை. கரையோரத்தில் மேசை போன்ற தட்டிகளில் உசிப்பா என்னும் சின்ன மீனைக் காய வைத்திருந்தார்கள்; நெத்திலிக் கருவாட்டு மணம் வண்டிக்குள் வந்தது.

சித்திம்பாவில் தார்ச்சாலையை விட்டு இடப்புறம் திரும்பினால் 'கொரோடே' என்னும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பகுதி கல்லும் மண்ணும். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் வாய்விட்டு எண்ணினார். எட்டாவதில் சக்கரம் சேற்றில் சுழன்று வண்டி பின்னோக்கி நழுவ, நாங்கள் இறங்கிக் கல் அண்டை கொடுத்தோம். அந்த இடைவெளியில் எங்களைக் கடந்து மேலே சென்றவர்களில் தலையில் மக்காச்சோள மூட்டையுடன் ஒரு பெண்ணும், முதுகில் சிட்டெஞ்சித் துணியால் குழந்தையைக் கட்டிக்கொண்ட இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். இரண்டாமவர் மருத்துவமனைக்குப் போகிறார் என்பது கையில் இருந்த சிறு நோட்டிலிருந்து தெரிந்தது. இங்கே நோயாளியின் மருத்துவக் குறிப்பு மருத்துவமனையில் இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் 'ஹெல்த் பாஸ்போர்ட்'டைத் தாமே வைத்திருக்கிறார்கள். வண்டி கிளம்பியதும் அவரையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டோம்.

மருத்துவமனை ஏன் இவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1873-இல் இறந்தபின் அவர் நினைவாக ஸ்காட்லாந்துச் சபையார் அனுப்பிய முதல் குழு, 'இலாலா' என்ற நீராவிப் படகைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஷிரே ஆற்றின் அருவிகளைச் சுற்றி உள்ளூர்ச் சுமையாட்களின் தலைமேல் கடத்திக்கொண்டு 1875-இல் ஏரியின் தென்முனையிலுள்ள கேப் மக்ளியரில் வந்து இறங்கியது. குழுவின் மருத்துவர் இராபர்ட் லாஸ், அபர்டீன்காரர், அப்போது வயது இருபத்து நான்கு. மறு ஆண்டே குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார். ஆனால் அந்த இடத்தில் காய்ச்சல் ஒவ்வொருவராக ஆட்களைக் கொண்டுபோயிற்று. 1881-இல் அங்கிருந்து கிளம்பும்போது ஞானஸ்நானம் பெற்றிருந்தவர் ஒரே ஒருவர். கல்லறைகள் அதைவிட அதிகம். அடுத்துப் போன பண்டாவேயும் ஏரிக்கரைதான், அங்கும் அதே கதை. கடைசியில் 1894-இல், ஏரிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கும் கொண்டோவே பீடபூமிக்கு, அதாவது இந்த லிவிங்ஸ்டோனியாவுக்கு, ஏறிவிட்டார்கள்.

கொசுதான் காரணம் என்பது லாஸுக்கு அப்போது தெரிந்திருக்க முடியாது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டது 1897-இல். கெட்ட காற்று என்று எண்ணி மலை ஏறினார்கள். மேலே கொசு குறைவு என்பதால் பிழைத்தார்கள். ஆனால் ஜனங்களில் பெரும்பகுதியினர் மீனும் வயலும் சாலையும் இருக்கிற கரையில்தான் இருக்கிறார்கள், காய்ச்சலும் அங்கேதான். மிஷனரிகளைக் காப்பாற்றிய அதே ஏற்றத்தை நூற்றுமுப்பது ஆண்டுகளாக நோயாளிகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இருபதாவது வளைவில் வண்டியிலிருந்து இறங்கிய அந்தத் தாய் 'யெவோ' என்று முழங்கால் மடக்கி நன்றி சொன்னபோது, எனக்கு வேறெதையும் பற்றி எண்ண முடியவில்லை.

நான்காம் நாள், மருத்துவமனை

டேவிட் கோர்டன் நினைவு மருத்துவமனை என்பது இதன் முழுப்பெயர். செங்கல் கட்டடங்கள், தாழ்ந்த கூரை, நடுவில் புல்வெளி. வார்டுகளின் அமைதியும் ஃபீனால் வாசனையும் நான் வேலை பார்த்த இடத்தையே ஒத்திருந்தன.

வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் ஸ்டெதாஸ்கோப்புடன் நிற்கும் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாந்து போவார். வேலையைச் சுமப்பவர்கள் 'கிளினிக்கல் ஆபீசர்' என்று அழைக்கப்படும் மலாவியர்கள். எம்.பி.பி.எஸ். போன்ற பட்டம் இல்லாமல், டிப்ளமோ படிப்பும் நீண்ட கைப்பழக்கமும் கொண்டு சிசேரியன் வரை செய்கிறார்கள். நம் நாட்டில் இதைச் சொன்னால் மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழும். ஆனால் அடுத்த பெரிய மருத்துவமனை ம்சூசுவில் இருக்கும்போது, நடுநிசியில் வயிற்றில் குறுக்கே கிடக்கும் குழந்தையை எடுக்க யார் வருவார் என்ற கேள்விக்கு இந்நாடு கண்ட விடை இது. எனக்கு அது சரியான விடையாகவே படுகிறது.

ஆய்வகத்தில் மூன்று பேர். மின்சாரம் இரண்டு முறை போயிற்று. நான் கொண்டுவந்த கண்ணாடி மைக்ராஸ்கோப்பை சன்னலோரம் வைத்து வெயிலைப் பிடித்தவுடன், இளம் டெக்னீஷியன் ஒருவர் அதைவிட்டு நகரவே இல்லை. ஜீம்சா சாயமேற்றிய ஒரு ஸ்லைடைக் காட்டினார். சிவப்பணுக்களுக்குள் மெல்லிய நீல மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் செம்புள்ளி. சிலவற்றில் இரண்டு புள்ளிகள். ஓர் ஓரத்தில் வாழைப்பழம் போல வளைந்த ஒன்று. மலேரியாவில் கொடிய வகையான ஃபால்சிபாரம் கிருமி. பணியில் சேர்ந்த புதிதில் வெளியூர் போய் வந்த மீனவர்களின் இரத்தத்தில் எப்போதாவது இதைப் பார்த்திருக்கிறேன். அன்று அதற்காக எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். இங்கே அது காலை பத்து மணிக்குள் பதினோராவது.

எல்லாவற்றுக்கும் இப்போது விரல்நுனி இரத்தத்தில் பார்க்கும் துரித சோதனைப் பட்டை வந்துவிட்டதே, ஸ்லைடு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பட்டை தேடுவது கிருமியை அன்று, கிருமி விட்ட ஒரு புரதத்தை. மருந்து தின்று கிருமி ஒழிந்த பின்னும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். ஆகவே போன மாதம் மலேரியா வந்து குணமான குழந்தைக்கு இன்று வேறு காய்ச்சல் என்றாலும் பட்டை மலேரியா உண்டு என்று இரண்டு கோடு காட்டும். உண்மையைச் சொல்லக் கண்ணாடி வில்லையும் பொறுமையும் வேண்டும்.

மாலையில் 'கார்டியன்' குடிலுக்குப் போனேன். நோயாளியுடன் துணைக்கு வருபவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். சமைப்பதும் துவைப்பதும் அவர்கள்தான். பத்துப் பன்னிரண்டு அடுப்புகளில் ந்சிமா கிளறிக்கொண்டிருந்தார்கள். நம் கேழ்வரகுக் களி மாதிரியே, ஆனால் வெள்ளை. ஒரு பாட்டி துடுப்பை என்னிடம் கொடுத்துக் கிளறச் சொன்னார். நான்கு சுற்றில் கை ஓய்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள், கரையோரக் கிளினிக்

விடியுமுன் கீழே இறங்கினோம். மாதம் ஒரு முறை ஏரிக்கரை ஊர் ஒன்றில் மாமரத்தடியில் நடக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோர் கிளினிக். மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியரும் நானும் ஓட்டுநரும் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் அரசின் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர், மிதிவண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பது அவருக்கு நோட்டைப் பார்க்காமலே தெரிந்தது.

மாமரக்கிளையில் தொங்கு தராசைக் கட்டி, குழந்தைகளைக் கால்சட்டை போன்ற பையில் மாட்டித் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றும் வீறிட்டது. அடுத்து மேற்கையின் சுற்றளவை அளக்கும் நாடா: பச்சையில் நின்றால் சரி, 12.5 செ.மீ.க்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் நின்ற குழந்தைகளுக்குச் 'சிபோண்டே' என்கிற நிலக்கடலை விழுதுப் பொட்டலம். ஒரு தாய் பொட்டலங்களை மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டபோது செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. மற்ற இரண்டு பேரையும் தராசில் ஏற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

மலேரியாத் தடுப்பூசியும் இருந்தது. அதை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் முதன்முதலாகப் போடத் தொடங்கிய நாடு மலாவி, 2019 ஏப்ரலில். நான்கு தவணை, கடைசித் தவணை குழந்தை இரண்டு வயதை நெருங்கும்போதுதான். முதல் மூன்றுக்கும் வந்த தாய்மார்கள் நான்காவதற்கு வருவதில்லை என்பதுதான் கண்காணிப்பு உதவியாளரின் கவலை. அதற்குள் மடியில் இன்னொரு குழந்தை வந்துவிடுகிறது, அல்லது களையெடுப்பு வந்துவிடுகிறது.

சற்றுத் தள்ளிக் கரையில் கொசுவலையால் உசிப்பா அரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியைப் படம் பிடித்து அறியாமை என்று எழுதுபவர்கள் உண்டு. பசிக்காலத்தில் வலை இருந்தால் எந்தத் தகப்பனும் அதில் மீன் பிடிக்கலாமா என்றுதான் யோசிப்பான்.

பதினொரு மணியளவில் ஒரு முதியவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வயதிருக்கும். நேற்று வலிப்பு வந்ததாம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. உள்ளங்கையும் அப்படியே. பட்டையில் இரண்டு கோடும் கணப்பொழுதில் எழுந்தன. செவிலியர் எடை பார்த்து, அளவு கணக்கிட்டு, மலேரியா மருந்தான ஆர்டிசுனேட் ஊசியைத் தொடையில் போட்டார். பிறகு வரிசையில் மீதமிருந்த தாய்மார்களைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. தராசை அவிழ்த்து ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டு, மீதியைக் கண்காணிப்பு உதவியாளர் பொறுப்பில் ஒப்படைத்து வண்டியைத் திருப்பினோம்.

முந்தாநாள் நான் சுவையாக எழுதிய இருபது வளைவுகளை இன்று வேறு விதமாக எண்ணினேன். குழந்தையின் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்தது. தாத்தா அவள் பாதத்தை உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தார். பதினான்காவது வளைவில் எதிரே லாரி ஒன்று நின்றுபோயிருக்க, அது ஒதுங்கப் பத்து நிமிடம் பிடித்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 3.8; உடனே இரத்தம் ஏற்ற வேண்டும். சேமிப்பில் அந்த வகை இரத்தம் இல்லை. தாத்தாவின் வகை பொருந்தவில்லை. இரண்டு மணி நேரம் பின்னால் நடந்தே வந்து சேர்ந்த தாய்மாமனின் இரத்தம் பொருந்தியது. பொருத்தம் பார்க்கும் குழாய்களை என் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினார்கள். ம்சூசு அடாப்டர் சற்றே தளர்ந்திருந்ததால், சுற்றி முடியும்வரை அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆறாம் நாள், கல் வீடு

குழந்தை இரவைத் தாண்டிவிட்டாள். காலையில் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

இன்று லாஸ் குடியிருந்த கல் வீட்டைப் பார்த்தேன். இப்போது அருங்காட்சியகம். 1927 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர். பள்ளி, அச்சுக்கூடம், தச்சுக்கூடம், மின்சாரம் என்று அவர் கட்டியவற்றைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்தப் புகழ்ப் பட்டியலில் விடுபட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1876-இலேயே தென்னாப்பிரிக்காவின் லவ்டேலிலிருந்து வந்து சேர்ந்த நான்கு கோசா இன ஊழியர்களில் ஒருவரான வில்லியம் கோயி, எங்கோனி இன மக்களின் மொழிக்கு நெருங்கிய மொழி பேசியதால், வெள்ளையர் அஞ்சிய எங்கோனித் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசி வழி திறந்தவர். 1886-இல் இந்நாட்டிலேயே இறந்தார்.

பணம் வந்த வழியும் பேசப்பட வேண்டியதே. பெருந்தொகை கொடுத்த ஓவர்டவுன் பிரபு கிளாஸ்கோ அருகே குரோமியம் இரசாயன ஆலை நடத்தியவர். அந்த ஆலைத் தொழிலாளரின் அவல நிலையை 1899-இல் தொழிற்சங்கத் தலைவர் கெய்ர் ஹார்டி அம்பலப்படுத்தினார். புகையில் அவர்களுக்கு மூக்குத் தண்டு துளைபட்டுப் போகும். இங்கே லாஸ் நிறுவிய கல்விக்கூடத்துக்கு அந்தப் பிரபுவின் பெயர்.

இன்னொரு செய்தி, மருத்துவமனையையே தொட்டது. எடின்பரோவில் மருத்துவத் தகுதி பெற்ற ஒரு மலாவிய இளைஞர், ஸ்காட்லாந்துச் சபையில் மூப்பருமானவர், 1941 வாக்கில் லிவிங்ஸ்டோனியாவுக்கு மிஷன் மருத்துவராகத் திரும்ப விரும்பினார். ஆப்பிரிக்க மருத்துவரின் கீழ் வேலை செய்ய இயலாது என்று அங்கிருந்த வெள்ளைச் செவிலியர் எழுதிவிட்டார்கள். அவர் இங்கிலாந்திலும் பிறகு கானாவிலும் தொழில் நடத்தினார். 1958-இல் அரசியல்வாதியாகத் திரும்பினார்; 1964-இல் சுதந்திர மலாவியின் முதல் பிரதமர் ஆனார். ஹேஸ்டிங்ஸ் பண்டாதான் அவர். முப்பது ஆண்டு அவர் இரும்புக்கையால் ஆண்டதையும் இந்நாட்டார் மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு இந்த வார்டுகளில் நடப்பது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அதே இடத்தில், கல் வீட்டுக்கு அருகே, புல்தரையில் வெள்ளையடித்த கற்கள் எழுத்துகளாகப் பதிந்து கிடக்கின்றன: எபேசியர் 2:14. 1959 மார்ச்சில் அவசரநிலை அறிவித்துப் பண்டாவைச் சிறைப்படுத்தியபோது, வெள்ளை மிஷனரிகள் வெளியேற விரும்பினால் கொண்டுபோகிறோம் என்று அரசாங்க விமானம் மேலிருந்து செய்தி போட்டது. அவர்கள் தரையில் கற்களை அடுக்கி எழுதிய பதில் இது. பகையாகிய நடுச்சுவரைத் தகர்த்தார் என்ற வசனத்தை நாம் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். விமானத்திலிருந்து படிக்கும் அளவு பெரிதாக இப்போதுதான் பார்க்கிறேன். செவிலியரின் கடிதத்துக்கும் இந்தக் கற்களுக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள்.

ஏழாம் நாள், ஞாயிறு

ஆராதனை தும்புகா மொழியில். பாடல்களின் மெட்டு சில நமக்குத் தெரிந்தவையே. வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடுகிறார்கள். காணிக்கையாகச் சிலர் சோளக்கதிர் கொண்டுவந்து வைத்தார்கள். பிற்பகலில் வார்டுக்குப் போனேன். பேத்தி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஊசிக்காரன் என்று நினைத்துத் தாத்தாவின் சட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள், இறக்கம்

டீசல் மிச்சப்படுத்த வேண்டியிருந்ததால், மூட்டைகளை மட்டும் வண்டியில் அனுப்பிவிட்டு, குறுக்குப் பாதை வழியே நடந்து இறங்குகிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். மஞ்செவே அருவியைப் பார்த்தபடி போகலாம் என்பது சாக்கு. அருவிக்குப் பின்னாலுள்ள குகையில்தான் அந்நாளில் அடிமை வேட்டைக்காரர்களுக்குத் தப்பி மக்கள் ஒளிந்திருந்தார்களாம்.

இறங்குவதற்கே மூன்றரை மணி நேரம் ஆயிற்று. முழங்கால் இரண்டும் நடுங்கின. பாதி வழியில் குறுக்குப் பாதை சாலையைத் தொடும் இடத்தில், இரண்டு ஆண்கள் மிதிவண்டி ஒன்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின் இருக்கையில் நிறைமாதக் கர்ப்பிணி, ஒரு கையால் முன்னவரின் தோளைப் பற்றியபடி. எனக்கு வழிகாட்டியாக வந்த பையன் பேசிப் பார்த்துச் சொன்னான்: வலி இன்னும் தொடங்கவில்லை, மருத்துவமனைக் குடிலில் போய்க் காத்திருக்கப் போகிறாள், நேற்று இரவே புறப்பட்டார்களாம். என்னிடமிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தேன். அந்தப் பெண் கொஞ்சம் குடித்துவிட்டு, இன்னும் எத்தனை வளைவு என்று பையனிடம் கேட்டாள். அவன் ஒன்பது என்றான். எனக்குப் பதினொன்று என்று நினைவு. ஆனால் நான் திருத்தவில்லை.